கிராவல் சைக்கிளுக்கு எந்த டயர், எவ்வளவு காத்து? பாண்டி, கடலூர் பக்கம் ஓட்டுறவங்களுக்கு

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவை சொல்லிடுறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும்ல. ரெட்டியார்பாளையத்துல இருக்கீங்க, உங்க வெயிட் 78 கிலோ, செகண்ட் ஹாண்ட்ல ஒரு கிராவல் சைக்கிள் (தாருக்கும் மண் ரோட்டுக்கும் சேர்த்து ஓட்ட அகல டயர் போட்டது) எடுத்திருக்கீங்க, 700×38 டயர், அதாவது 38 மிமீ அகலம், உள்ள டியூப். கடையில டயர் சைடுல எழுதியிருக்குறதைப் பார்த்து 70 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) அடிச்சுக் குடுத்துட்டாங்க. ஆரோவில் செம்மண் ரோட்டுல ஓட்டுனா கை மரத்துப் போகுது, ஊசுடு ஏரி பக்கம் போனா முள்ளு குத்தி பஞ்சர். அதனால 45 மிமீ டயருக்கு மாத்தணுமா, டியூப்லெஸ் போகணுமா, ரப்பர் மொட்டு மொட்டா நீட்டிக்கிட்டு இருக்கற பட்டன் டயர் வேணுமா, எந்த பிராண்டுன்னு கேட்டிருக்கீங்க. கேப்பர் மலை வழியா பண்ருட்டி, அப்புறம் ஒருநாள் வீராணம் ஏரிக்கரை போகணும்னு ஆசைன்னும் சொல்லியிருக்கீங்க.

டயரை இப்போதைக்குத் தொடாதீங்க, காத்தை இறக்குங்க. இதான் என் பதில், மீதி எல்லாம் விளக்கம். நம்ம ஆளுங்க இதைத் தலைகீழா பண்றாங்க, டிரெட், அதாவது தரையில படுற ரப்பரோட டிசைனைப் பார்த்து ஆசைப்பட்டு முதல்ல டயர் வாங்கிடுறது, அப்புறமா அகலத்தைப் பத்தி யோசிக்குறது, காத்து மட்டும் கடையில அடிச்சது அடிச்சபடி கிடக்கும். என்னைக் கேட்டா முதல்ல காத்து, அடுத்து அகலம், அப்புறம் ரப்பருக்கு உள்ள இருக்குற டயரோட துணி, டிரெட் கடைசி. செலவும் அதே வரிசையிலதான் ஏறும், காத்து ஓசி.

சைடுல ‘மேக்ஸ் 70’ன்னு இருந்தா அது இதுக்கு மேல ஏத்தாதீங்கன்னு கம்பெனி போட்ட எல்லை, இவ்வளவு அடிங்கன்னு சொன்ன அளவு கிடையாது. யோசிச்சுப் பாருங்க, நம்ம மோட்டார் பைக்குக்கு பங்க்ல முன்னாடி 25, பின்னாடி 28, 30ன்னுதானே அடிக்கிறோம், அது ரெண்டு பேரு, ஒரு மூட்டை எல்லாம் சேர்த்து சுமக்குது. டயர் அகலமா இருக்கறதால கம்மி காத்துலயே தாங்குது. கணக்கும் சிம்பிள்தான், டயர் துணியில வர்ற இழுவை காத்து அழுத்தத்தையும் டயரோட குறுக்களவையும் பெருக்குனதைப் பொறுத்தது. 28 மிமீ டயர்ல 70 அடிச்சா வர்ற அதே இழுவை 40 மிமீ டயர்ல 49லயே வந்துடும். அப்படிப் பார்த்தா உங்க 38ல 70 அடிக்கிறதும் ரோடு சைக்கிளோட 28 டயர்ல 95 அடிக்கிறதும் ஒண்ணு. அதை வச்சு செம்மண்ணுல போனா கை மரத்துப் போகாம என்ன செய்யும்?

‘காத்து நிறைய இருந்தாத்தானே வேகமா போகும்’னு எல்லாரும் கேப்பாங்க. ரொம்ப காலம் டயரை வழவழப்பான உருளை மேல ஓடவிட்டுதான் டெஸ்ட் பண்ணாங்க, அதுல காத்து ஏத்த ஏத்த உருளும் தடை குறைஞ்சுக்கிட்டே போகும், அந்த நம்பிக்கைதான் இன்னும் ஓடுது. நிஜ ரோட்டுல ஆளை உக்கார வச்சு அளந்து பார்த்தப்போ கதை மாறிடுச்சு. ஒரு அளவு வரைக்கும் தடை குறையுது, அந்த அளவைத் தாண்டுனா சட்டுனு ஏறுது, ஏன்னா டயர் முழுங்க வேண்டிய அதிர்ச்சியை உங்க தொடை, கை, வயிறு எல்லாம் முழுங்குது, அதுவும் நீங்க மிதிச்ச சக்திதான். ரோடு எவ்வளவு கரடுமுரடோ அந்தத் திருப்புமுனையும் அவ்வளவு கீழ வரும். இன்னொரு விஷயம், அந்த அளவுக்கு ரெண்டு மூணு பிஎஸ்ஐ கீழ இருந்தா நஷ்டம் லேசாதான் இருக்கும், மேல இருந்தா நஷ்டம் ஜாஸ்தி. அதனால சந்தேகம்னா இறக்குங்க. 1888ல பெல்ஃபாஸ்ட்ல டன்லப் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்கு காத்து டயர் பண்ணதே ரோட்டுல குலுங்காம போகணும்னுதான், நாம அதுல காத்தை அடைச்சு அடைச்சு திரும்பக் கட்டை டயரா ஆக்கிட்டோம்.

சரி, உங்க நம்பர். நீங்க 78, சைக்கிள், தண்ணி, டூல்ஸ் எல்லாம் ஒரு 13, மொத்தம் 91 கிலோ. இதுல பின் சக்கரத்துக்குத்தான் ஜாஸ்தி பாரம், சுமாரா முன்னாடி 45 பங்குன்னா பின்னாடி 55 பங்கு. அதனால ரெண்டுலயும் ஒரே காத்து அடிக்கிற பழக்கத்தை முதல்ல விடுங்க. டியூபோட 38ல, தார் பாதி செம்மண் பாதின்னு ஓட்டுற நாளுக்கு முன்னாடி 36, பின்னாடி 40ல ஆரம்பிங்க. இசிஆர்லயே கடலூர் போயிட்டு வர்ற நாளுன்னா 42, 46. முழுக்க ஆரோவில் உள்பாதைன்னா 33, 37. 70ல இருந்து வர்றவருக்கு 36 பார்த்தா பயமா இருக்கும், ‘டயர் உக்காந்துடுச்சு’ன்னு தெருவுல நாலு பேரு சொல்லுவாங்க, கண்டுக்காதீங்க. உங்களைவிட 5 கிலோ கம்மியா ஜாஸ்தியா இருக்குறவங்க ஒன்றரை ரெண்டு பிஎஸ்ஐ மாத்திக்கலாம்.

இது ஆரம்பப் புள்ளிதான், அங்கிருந்து உங்க அளவை நீங்களே கண்டுபிடிக்கணும். தெரிஞ்ச ஒரு ஒரு கிலோமீட்டர் பாதையை எடுத்துக்குங்க, ஒவ்வொரு தடவையும் ரெண்டு பிஎஸ்ஐ இறக்கி அதே வேகத்துல ஓட்டிப் பாருங்க. ரெண்டு அறிகுறி வரும். ஒண்ணு, தார் ரோட்டு வளைவுல முன் டயர் பக்கவாட்டுல நெளியுற மாதிரி ஒரு உணர்வு. இன்னொண்ணு, கல்லு மேல ஏறும்போது ‘டங்’னு ரிம் இடிக்கிற சத்தம். டியூப் இருந்தா இந்த டங் ஆபத்து, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசுங்கி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். எதுல அது வருதோ அதுக்கு ரெண்டு மூணு மேல நிறுத்திக்குங்க, அதான் உங்க நம்பர். அளந்து பார்க்கணும்னா, ஃபிராங்க் பெர்ட்டோன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் சொன்ன வழி இருக்கு: ஆள் உக்காரும்போது டயர் தன் உயரத்துல 15 சதவீதம் அமுங்கணும். சுவத்துல சாஞ்சு உக்காந்துக்குங்க, தரையில இருந்து ரிம் விளிம்பு வரைக்கும் எவ்வளவுன்னு உக்காருறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒருத்தரை ஸ்கேல் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. 38 டயருக்கு 5, 6 மிமீ இறங்கணும். கிராவலுக்கு அதைவிட ஒரு பொட்டு கூட இறங்குனாலும் பரவாயில்ல.

இதுக்கெல்லாம் ஒரு நல்ல கேஜ் வேணும். பெரிய தரைப் பம்புல இருக்குற முள்ளு 160 வரைக்கும் காட்டுறது, அதுல 33க்கும் 37க்கும் வித்தியாசம் ஒரு முடி அளவு, நம்ப முடியாது. கம்மி அழுத்தத்துக்குன்னு டிஜிட்டல் கேஜ் தனியா கிடைக்குது, இந்த மாதிரி சைக்கிள்ல வர்ற ஒல்லியான ப்ரெஸ்டா வால்வுக்கு பொருந்துதான்னு பார்த்து வாங்குங்க, புது டயர் விலையில ஒரு பங்குதான் வரும். அது சரியாத்தான் காட்டுதான்னுகூட ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேணாம், எப்பவும் ஒரே கேஜ்ல பார்த்தா போதும். பங்க்ல அடிக்குறதை விட்டுடுங்க, அங்க இருக்குற வாய் மோட்டார் வண்டி வால்வுக்கானது, அடாப்டர் போட்டு அடிச்சாலும் நம்ம டயரோட கொள்ளளவுக்கு ஒரு நொடியில எங்கயோ போயிடும். இன்னொண்ணு வெயில். காலையில அஞ்சு மணிக்கு 25, 27 டிகிரில 36 அடிச்சுட்டுக் கிளம்பி, கத்திரி வெயில்ல பத்து மணிக்கு மேல தார் ரோட்டுல வந்தா டயர் உள்ள 20 டிகிரி ஏறியிருக்கும், அதுக்கே 3 பிஎஸ்ஐ மேல ஏறிடும். திரும்பி வரும்போது சைக்கிள் திடீர்னு முரடா ஆயிடுச்சேன்னு தோணுறதுக்கு அசதி பாதி, இது பாதி.

இப்ப நம்ம ஊர் மண்ணுக்கு வர்றேன், இதுலதான் வெளிநாட்டுக்காரன் வீடியோ பார்த்து டயர் வாங்குறவங்க ஏமாறுறாங்க. அவங்க வீடியோவுல காட்டுறது உடைச்ச கல்லு பரப்புன ரோடு. இங்க குயிலாப்பாளையம், இடையன்சாவடி, இரும்பை பக்கம் இருக்கறது அடியில கெட்டியான செம்மண்ணு, மேல பொடியா உருண்டை சரளை, அதுக்கு மேல புழுதி. கோடையில வளைவுல சறுக்குறது அந்த உருண்டைச் சரளைதான், அது அடியில இருக்குற தரையோட ஒட்டிக்கிட்டு இல்ல, உங்க பட்டன் எவ்வளவு நீளமா இருந்தாலும் கவ்வுறதுக்கு அங்க எதுவும் இல்ல. அகலமும் கம்மி காத்தும்தான் உதவும், வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சுக்கறதும். மழையில அதே ரோடு வேற ஆளு, அடி கெட்டியாவே இருக்கும், மேல மட்டும் ஒரு படலம் சேறு, தார்ல போற மாதிரி நினைச்சு சாய்ச்சீங்கன்னா போச்சு. ஐப்பசி, கார்த்திகையில ரெண்டு மூணு பிஎஸ்ஐ இறக்கியே வச்சுக்குங்க. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரையேறுன மாதிரி மழை வந்தா செம்மண் பாதை அறுத்துக்கிட்டுப் போய் குறுக்க வாய்க்கால் விழுந்திருக்கும், மழைக்கு அப்புறம் முதல் தடவை போறப்ப பழகுன பாதைன்னு வேகமா போகாதீங்க.

கேப்பர் மலையும் அதே குடும்பம்தான், செம்மண்ணு, சரளை, முந்திரித்தோப்பு, பண்ருட்டி வரைக்கும் அந்த மண்ணுதான். தோப்புக்குள்ள காஞ்ச எலைக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாது, அங்க 33, 37 சரி. தேவனாம்பட்டினம் பக்கம், பரங்கிப்பேட்டை போற வழி சவுக்குத்தோப்புல எல்லாம் மணலு, அங்க 38 டயர் புதையும், 28, 30க்கு இறக்கி உக்காந்த இடத்துல இருந்து பின்னாடி நகர்ந்து, ஹேண்டிலைத் திருப்பாம ஒரே மிதியா மிதிச்சுக் கடக்கணும், முடியலைன்னா இறங்கித் தள்ளுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. பாகூர் ஏரிப் பக்கம் வயக்காட்டு வரப்பு களிமண்ணு, காஞ்சா நல்ல ரோடு, நனைஞ்சா எந்த டயரும் ஆகாது, சக்கரமே சுத்தாத அளவுக்கு ஃபோர்க்குல அடைச்சுக்கும். அந்த நாளு அந்தப் பக்கம் போகாம இருக்கறதுதான் வழி. கிராமத்துல ரோடு போடுறதுக்கு ஜல்லி கொட்டி விட்டுட்டு மாசக்கணக்கா தார் ஊத்தாம வச்சிருப்பாங்கல்ல, நம்ம டயருக்கு எதிரி அதுதான், ஓரம் கத்தியா இருக்கற கருங்கல்லு, டயரோட பக்கச் சுவரை, அதாவது சைடுவாலைக் கீறிடும். அங்க மட்டும் ரெண்டு மூணு பிஎஸ்ஐ ஏத்தி மெதுவா போங்க.

அகலத்துக்கு வருவோம். 45 போனா நல்லதான்னா நல்லதுதான், ஃப்ரேம்ல இடம் இருந்தா. டயருக்கு ரெண்டு பக்கமும் செயின்ஸ்டேலயும் (பின் சக்கரத்தை ஒட்டிப் போற ஃப்ரேம் குழாய்) ஃபோர்க்குலயும் அஞ்சாறு மிமீயாவது காலி இருக்கணும், இல்லைன்னா ஒட்டுன செம்மண்ணு உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டை அரைச்சு எடுத்துடும். சைடுல எழுதியிருக்கற 40, 45ஐ நம்பாதீங்க, ரிம்மோட உள் அகலத்தைப் பொறுத்து நிஜ அளவு மாறும், 17 மிமீ ரிம்ல குறுகும், 25 மிமீ ரிம்ல விரியும், காத்துக் கணக்கும் நிஜ அளவை வச்சுத்தான். வாங்கும்போது 622ங்கற நம்பரைப் பாருங்க, அது ரிம்மோட விட்டம் மிமீல, 700ன்னா அதுதான். 650பின்னா 584, அது சின்ன ரிம், 650பி×47 போட்டா வெளிச்சுத்து ஏறக்குறைய 700×28 அளவுதான் வரும்ங்கறதால டிஸ்க் பிரேக் வண்டியில குறுகுன ஃப்ரேமுக்கு ஒரு குறுக்கு வழி, ஆனா அதுக்கு தனி வீலே வேணும், உங்களுக்குத் தேவையில்ல. ரிம்ல ‘ஹுக்லெஸ்’னு (டயர் விளிம்பைப் பிடிக்கிற கொக்கி இல்லாத ரிம்) இருந்தா 72.5 பிஎஸ்ஐக்கு மேல போகவே கூடாது, அந்த ரிம்முக்குன்னு கம்பெனி அதைவிடக் கம்மியா எழுதியிருந்தா அதான் எல்லை, டயரும் அதுக்கு ஒத்துக்கிட்டதா இருக்கணும்.

டயரோட துணின்னு சொன்னேன்ல, அதை யாரும் பார்க்குறதே இல்ல. ஒரே அகலம், ஒரே டிரெட், ஆனா ஒண்ணு கையில மடிச்சா துணி மாதிரி மடியும், இன்னொண்ணு கம்பி விளிம்போட விறைப்பா நிக்கும். மடியறது வேகம், சுகம், விலையும் ஜாஸ்தி. 60 டிபிஐ, 120 டிபிஐன்னு போட்டிருப்பாங்க, ஒரு அங்குலத்துல எத்தனை நூலுன்னு அர்த்தம், 120 மெலிசு, மிருதுவா இருக்கும், ஆனா ஜல்லியில சீக்கிரம் கீறும். நம்ம பக்கம் ஜல்லியும் முள்ளும் இருக்கறதால சைடுவாலுக்குப் பாதுகாப்புத் துணி வச்ச மாடல்தான் என் தேர்வு, ரேஸ் மாடல் வேணாம். முள்ளுக்காக கனமா தடிமனா இருக்குற டூரிங் டயர் போடலாமான்னா, பஞ்சர் குறையும், ஆனா காத்தை இறக்குனாலும் அது வளையாது, கிராவல் சைக்கிள் வாங்குன அர்த்தமே போயிடும்.

டிரெட்டை ரெண்டு வரியில முடிச்சுடுறேன். ரெட்டியார்பாளையத்துல இருந்து செம்மண்ணுக்குப் போறதுக்கே தார் ரோடுதானே, உங்களுக்கு நடுவுல வழவழப்பா இல்ல நெருக்கமா சின்னச் சின்னதா, ஓரத்துல மட்டும் பட்டன் இருக்குற டயர் போதும். பானாரேசர் கிராவல்கிங் எஸ்எஸ், ஸ்பெஷலைஸ்டு பாத்ஃபைண்டர், விட்டோரியா டெர்ரேனோ டிரை, கான்டினென்டல் டெர்ரா ஸ்பீடு, மாக்ஸிஸ் ராம்ப்ளர், இந்த ரகத்துல எது நியாயமான விலையில கிடைக்குதோ அதை எடுங்க, இவங்களுக்குள்ள இருக்குற வித்தியாசத்தைவிட நீங்க அஞ்சு பிஎஸ்ஐ தப்பா அடிச்சா வர்ற வித்தியாசம் பெருசு. முழு பட்டன் டயர் தார்ல கத்திக்கிட்டே வரும், சீக்கிரம் தேயும். ரெண்டுக்கும் வேற வேற போடுறதா இருந்தா பிடிப்பு ஜாஸ்தியா இருக்குறது முன்னாடி, ஏன்னா பின் டயர் சறுக்குனா சமாளிச்சுடலாம், முன் டயர் சறுக்குனா கீழதான். தேயறது பின் டயர்தான், அது தேஞ்சா புதுசை முன்னாடி போட்டுட்டு முன்னாடி இருந்ததைப் பின்னாடி தள்ளுங்க.

இப்ப முள்ளு. ஏரிக்கரை பூரா வேலிக்காத்தான், ஓரத்துல நெருஞ்சி. வெளிநாட்டுல சைக்கிள்காரங்க ‘கோட்ஹெட்’னு அலறுறாங்களே, அது நம்ம நெருஞ்சி முள்ளேதான். இந்த ரெண்டுக்கும் டியூப்லெஸ் மாதிரி மருந்து கிடையாது, ரெண்டுமே போடறது சின்ன ஓட்டைதான், டயருக்குள்ள ஊத்தி வைக்கிற சீலன்ட்ங்கற திரவம் அடைச்சுட்டு நீங்க பாட்டுக்குப் போகலாம், குத்துனதே தெரியாது. அதோட டியூப் நசுங்குற பயம் போறதால ரெண்டு மூணு பிஎஸ்ஐ இன்னும் இறக்கலாம், நாளைக்கு நீங்க 45 டியூப்லெஸ் போட்டா முன்னாடி 26, பின்னாடி 29லயே ஓட்டலாம். ஆனா நம்ம வெயிலுக்கு சீலன்ட் காஞ்சுடும், டயருக்கு 80, 100 மில்லி ஊத்துனாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து ஊத்தணும், கோடையில அதுக்கும் முன்னாடியே. வாரம் ஒரு தடவை ஓட்டுறவருக்கு இது சரி, மாசக்கணக்கா மாட்டி வைக்கிறவருக்கு வீண் வேலை, உள்ள ரப்பர் தோலா உரிஞ்சு கிடக்கும். முதல்ல உங்க ரிம் டியூப்லெஸ் ரெடியான்னு பாருங்க, இல்லைன்னா டேப்பை ஒட்டி ஜுகாட் பண்ண வேணாம், ஓடும்போது விளிம்பு கழண்டா பல்லு போயிடும். டியூப்லயே இருக்கப்போறீங்கன்னா வால்வோட உள் கோர் கழட்டுற மாதிரி இருக்கற டியூபா வாங்கி அதுக்குள்ள கொஞ்சம் சீலன்ட் ஊத்திக்கலாம், முழு மருந்து இல்ல, பாதி.

ரெண்டு வழியில எதுன்னாலும் ஒண்ணை மறக்காதீங்க. வேலிக்காத்தான் முள்ளு குத்துனா வெளிய இருக்குறதைப் பிடுங்குனதும் முடிஞ்சுடாது, நுனி ஒடிஞ்சு டயருக்குள்ளயே இருக்கும், புது டியூப் போட்டு நூறு மீட்டர்ல திரும்பவும் இறங்கும். டயர் உள்பக்கம் பூரா ஒரு பழைய துணியால சுத்தித் தடவுங்க, எங்க இழுக்குதோ அங்க முள்ளு இருக்கு, விரலால தடவாதீங்க. டியூப்லெஸ்ன்னா முள்ளைப் பிடுங்கிட்டு ஓட்டையைக் கீழ்ப்பக்கமா திருப்பி வச்சு ஒரு நிமிஷம் நில்லுங்க, சீலன்ட் அங்க வந்து சேரும்.

வீராணத்துக்கு இப்ப இருக்குற டயர்லயே போகலாம், போறதுக்கு முந்தின நாளு ரெண்டு டயரோட சைடுவாலையும் வெளிச்சத்துல பார்த்துடுங்க, நூலு வெளிய தெரிஞ்சா மட்டும் மாத்துங்க. போக வர பெரும்பாலும் தார்தான், முன்னாடி 38, பின்னாடி 42 வச்சுக் கிளம்புங்க, கரையில ஏறுனதும் ரெண்டுலயும் நாலு எடுத்துடுங்க, திரும்பும்போது அடிச்சுக்கற மாதிரி கைப் பம்பு எடுத்துக்கிட்டா போதும். கூட எடுத்துக்க வேண்டியது ரெண்டு டியூப், டயரைக் கழட்டுற லிவர், பேட்ச், அந்தப் பழைய துணி, சைடுவால் கீறுனா உள்ள வைக்க பழைய டயர்ல வெட்டுன ஒரு துண்டு. சைக்கிள் பஞ்சர் கடை வழியில நிறைய இருக்கும், ஆனா ப்ரெஸ்டா வால்வுக்குத் தோதான டியூபை அங்க எதிர்பார்க்காதீங்க.